தொட்டியை விட்டு ஓடிய மீன்!

காலை 6 மணி. அடுப்பில் இன்னும் பால்கூட வைக்கவில்லை.

"அப்பா! ஒரு மீனைக் காணோம்!" என்று கத்தினாள் என் மகள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. 2 அடி நீளம். மேலே மூடி கிடையாது. திறந்திருந்தால்தான் அழகு என்று நான்தான் மூடி வேண்டாம் என்றேன். அதில் 6 வரிக்குதிரை மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன்கள். உடம்பு முழுவதும் நீலக் கோடுகள். ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தன.

"பக்கத்து வீட்டுப் பூனைதான் தின்றிருக்கும்" என்றார் என் தாயார். ஜன்னல்களோ சாத்தியிருந்தன. கதவும் பூட்டியிருந்தது. பாவம், பூனை மீது வீண் பழி!

கடைசியில் துப்புக் கொடுத்தவை எறும்புகள். பீரோவுக்குப் பின்னால் அவை சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்தேன். சுவர் ஓரத்தில் காய்ந்து கிடந்தது மீன். தொட்டிக்கும் அந்த இடத்துக்கும் 4 அடி தூரம் இருக்கும். விழுந்த பிறகும் துள்ளித் துள்ளி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

என் மகள் அழவில்லை. ஒன்று கேட்டாள்: "அதுக்கு நம்ம வீடு பிடிக்கலையாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று புறப்பட்டேன். புத்தகங்களைப் புரட்டினேன். மீன் வளர்ப்பவர்களைக் கேட்டேன். அதில் தெரிந்த சங்கதிகள் பல வேடிக்கையானவை.

தேநீரில் விழுந்த மீன்

கப்பி மீனைப் பலருக்கும் தெரியும். கொசுப் புழுக்களைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுகிறார்களே, அதே சின்ன மீன்தான்.

அமெரிக்காவில் டாப்னே சோரஸ் என்ற பெண் விஞ்ஞானி இருக்கிறார். அவரிடமிருந்த கப்பி மீன் ஒன்று ஒரு நாள் தொட்டியிலிருந்து எம்பிக் குதித்தது. எங்கே போய் விழுந்தது தெரியுமா? அவருடைய தேநீர்க் கோப்பையில்! நல்ல வேளை, அது ஐஸ் போட்ட தேநீர். மீன் பிழைத்துக்கொண்டது.

வேறொருவராக இருந்தால் தேநீரைக் கொட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். இந்த அம்மையார் அப்படி விடவில்லை. வேகமாகப் படம் பிடிக்கும் காமிராவை வைத்து, கப்பி மீன்கள் எப்படிக் குதிக்கின்றன என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி 2013-ம் ஆண்டு வெளிவந்தது.

அவர் கண்டது என்ன? யாரும் துரத்தவில்லை. யாரும் பயமுறுத்தவில்லை. மேலே பூச்சியும் இல்லை. இருந்தும் மீன் தானாகவே குதித்தது! அதுமட்டும் அல்ல. குதிப்பதற்கு முன்பு, பக்கத்துத் துடுப்புகளை அசைத்து மெல்லப் பின்னால் நகர்ந்தது. நீளம் தாண்டும் பையன் நாலடி பின்னால் போய் ஓடி வருகிறானே, அது போல. பிறகு வாலை வேகமாக அடித்து ஒரே பாய்ச்சல்.

கப்பி மீனின் சொந்த ஊர்களில் ஒன்று டிரினிடாட் தீவின் மலை ஓடைகள். அங்கே ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போய்ப் பரவுவதற்கு இந்தக் குதிப்பு உதவியிருக்க வேண்டும் என்று அவர் கருதுகிறார். மீனுக்குக் கண்ணாடித் தொட்டி ஏது, கூடம் ஏது? அந்தப் பக்கமும் தண்ணீர் இருக்கும் என்று நம்பித்தான் அது தாவுகிறது.

தரங்கம்பாடிப் பனைமரம்

குதிக்கிற மீனைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் மீனை விட்டுவிட முடியுமா?

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. 1791-ம் ஆண்டு அங்கே டால்டார்ப் என்ற படை அதிகாரி ஓர் அதிசயத்தைக் கண்டதாக எழுதி வைத்தார். குளக்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு மேலே சுமார் 5 அடி உயரத்தில், ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததாம்! அதுதான் பனையேறி மீன்.

அது மரமே ஏறியது என்பதைப் பிற்காலத்தவர் பலர் நம்பவில்லை. பறவை கவ்விக்கொண்டு போய் வைத்திருக்கலாம் என்றார்கள். ஆனால் பனையேறி தரையில் ஊர்ந்து போகும் என்பது உண்மை. அதன் செவுள் மூடியில் முட்கள் உண்டு. அவற்றைத் தரையில் ஊன்றி ஊன்றி நகரும். காற்றையும் சுவாசிக்கும். குளம் வற்றினால் வேறு குளம் தேடிப் போகும். விரால் மீனும் இதற்குச் சளைத்தது அல்ல. மீன்காரர் கூடையிலிருந்து விரால் துள்ளி ஓடியதைப் பார்க்காத கிராமத்துக்காரர் உண்டா?

வீட்டில் வளர்க்கும் மீன்களில் அரவானா பெரிய தாண்டல்காரன். அமேசான் ஆற்றங்கரை மரக்கிளைகளில் இருக்கும் பூச்சிகளை எம்பிப் பிடித்துத் தின்று பழகிய இனம் அது. 'பைட்டர்' என்கிற சண்டை மீனும் குதிக்கும். வரிக்குதிரை மீனைக் கேட்கவே வேண்டாம். அது நம் நாட்டு ஓடைகளில் துள்ளி விளையாடிய ஜாதி.

குற்றவாளி நான்தான்!

இயற்கைக் குணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீர் கெட்டாலும் மீன் குதிக்கும். மீனின் கழிவும், மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. அது செவுளை எரிக்கும். பிராணவாயு குறைந்தாலும் மீன் தவிக்கும். இரவில் தொட்டிச் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. மின்சாரம் நின்று, காற்றுக் குமிழி விடும் மோட்டாரும் நின்றுவிட்டால் கேட்க வேண்டுமா? பெரிய மீன் சின்ன மீனைத் துரத்தினாலும் இதே கதிதான்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. முந்திய நாள் மாலை தண்ணீர் மாற்றினேன். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று விளிம்பு வரை நிரப்பினேன். நள்ளிரவில் தாகத்துக்கு எழுந்தபோது கூடத்து விளக்கைப் பட்டென்று போட்டேன். இருட்டில் ஓய்ந்திருந்த மீன்கள் மிரண்டு சிதறின. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மகளிடம் இதைச் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும்.

கொசுவலை போதும்

மேலே திறந்த தொட்டியில், தண்ணீர் மட்டம் விளிம்புக்குக் கீழே 3 அங்குலமாவது இருக்க வேண்டும். சின்ன மீன்களில் பலவற்றை இதுவே தடுத்துவிடும். அரவானாவுக்கு இதெல்லாம் தூசு. அதற்குக் கனமான மூடியும், அதன் மேல் பாரமும் வேண்டும்.

தண்ணீர் மேல் அந்தரத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளை விடலாம். மேலே நிழல் இருந்தால் மீனுக்குப் பயம் குறையும். குதிக்க நினைத்தாலும் இலை தடுக்கும். ஆனால் செடி மூலை முடுக்கெல்லாம் நிரம்பி நிற்பதில்லை. அதை மட்டும் நம்பக் கூடாது.

எல்லாவற்றிலும் நல்லது வலை மூடி. ஜன்னலுக்கு அடிக்கிற பிளாஸ்டிக் கொசுவலையே போதும். தொட்டியின் அளவுக்கு ஒரு சட்டம் செய்து, வலையை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். வெளிச்சம் போகும். காற்றும் போகும். கண்ணாடி மூடி போடுகிறவர்கள் காற்றுப் போக இடம் விட வேண்டும். சண்டை மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் அது மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

ஓர் எச்சரிக்கை. மோட்டார் ஒயரும் குழாயும் போக மூலையில் ஓர் ஓட்டை விடுகிறோமே, மீன் அதைக் கண்டுபிடித்துவிடும்! அங்கே கொஞ்சம் பஞ்சு ரப்பரை அடைத்துவிடுங்கள்.

இரவில் கூடத்து விளக்கைத் திடீரென்று போடாதீர்கள். முதலில் பக்கத்து அறை விளக்கைப் போட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். புது மீன் வாங்கி வந்தால், முதல் சில நாட்கள் தொட்டியைக் கட்டாயம் மூடி வையுங்கள். புது இடத்தில்தான் அது அதிகம் மிரளும்.

அப்படியும் ஒரு மீன் தரையில் விழுந்து கிடந்தால்? செத்துவிட்டது என்று உடனே எறிந்துவிடாதீர்கள். உடம்பில் ஈரம் இருந்தால், செவுள் லேசாக அசைந்தால், உயிர் இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் உடம்பிலுள்ள வழவழப்புப் போய்விடும். அதே தொட்டித் தண்ணீரில் விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று தீனி வேண்டாம்.

எங்கள் தெருத் தச்சர் ஒரே நாளில் சட்டம் செய்து கொடுத்துவிட்டார். வலையை நானும் மகளும் சேர்ந்து கட்டினோம். அழகு கொஞ்சம் குறைந்ததுதான்.

நாலாம் நாள் இரவு. கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். வலையில் ஏதோ மோதி, 'சளக்' என்று தண்ணீரில் விழுந்தது. நான் எழுந்திருப்பதற்குள் என் மகள் டார்ச் விளக்குடன் தொட்டியருகே நின்றாள். விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணினாள்.

"அஞ்சும் இருக்குப்பா!"