அந்தரத்தில் திரும்பும் வித்தை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நமது ரயில்வே குவார்ட்டர்ஸின் மாடிப்படியருகே ஒரே கூக்குரல். பூனையை எவ்விதம் போட்டாலும் காலூன்றியே விழும் என்று எவரோ சொல்லக் கேட்ட சிறுவர்கள், கண் திறந்து நாலே நாளான குட்டியொன்றை மேற்படியிலிருந்து விட்டுப் பார்த்திருக்கின்றனர். அது முதுகு அடிபட வீழ்ந்து துடித்தது. "தாய்ப்பூனை இப்படி விழுவதில்லையே, மாமா!" என்று அழுத சிறுமிக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தறிந்ததையே இங்கு எழுதத் துணிந்தோம்.

சமநிலை உணர்ச்சிக்கு முதன்மையான உறுப்பு உட்செவி. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் திரவம் நிறைந்துள்ளது. தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை அத்திரவத்தின் அசைவு மூளைக்கு அறிவிக்கிறது. அருகேயுள்ள இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள; மேல் எது, கீழ் எது என்பது அவற்றின் பளுவால் தெரிகிறது. மனிதச் சிசுவுக்கு இவ்வுறுப்பு கர்ப்பத்தின் ஐந்தாம் மாத அளவிலேயே ஏறக்குறைய முழுப் பருமனை எய்திவிடுகிறதாம்! தூளியை ஆட்டியதும் குழந்தையின் அழுகை அடங்குவதில் இதற்கும் பங்குண்டு.

உறுப்பு இருந்தும் என்ன? அது சொல்வதைக் கேட்டுத் தசைகளை இயக்க மூளை பழக வேண்டுமே. பசுங்கன்று கருவிலேயே பெரிதும் முதிர்ந்து வருவதால், பிறந்த சில மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கிறது. பூனைக்குட்டியோ கண்ணும் காதும் மூடியே பிறக்கிறது. தரையில் மல்லாத்தினால் தட்டுத்தடுமாறிப் புரண்டுகொள்ளும். அந்தரத்தில் திரும்பும் வித்தை மூன்று நான்கு வாரங்களில் தொடங்கி, ஆறேழு வாரங்களிற்றான் கைகூடுகிறது. 1894இல் பாரிஸில் மாரே என்னும் அறிஞர் தொடர்ப் படங்களாகப் பிடித்துக் காட்டினாரே, முன்னுடல் முதலிலும் பின்னுடல் பிறகுமாகத் திரும்பும் அவ்வழகு, அது பிறவியிலேயே முழுமையாக வாய்ப்பதன்று.

இதில் பூமியின் ஈர்ப்புக்கும் பங்குண்டு என்பது வியப்பினும் வியப்பு. 1998இல் கொலம்பியா விண்ணோடத்தில் இரண்டு வார எலிக்குட்டிகளைப் பதினாறு நாட்கள் எடையற்ற நிலையில் வளர்த்தனர். திரும்பி வந்தபின், மல்லாந்த நிலையிலிருந்து அவை புரண்டெழும் முறை தரையில் வளர்ந்தவற்றினின்று மாறுபட்டிருந்தது. அம்மாறுபாடு நெடுநாள் நீங்கவில்லை.

நமது குட்டி பிழைத்துக்கொண்டது. பின்னங்கால் மட்டும் சற்றே சாய்கிறது. இப்போது அதற்கு ஐந்தாம் வாரம். அச்சிறுமி நாட்காட்டியில் நாள்தோறும் கோடு போட்டு வருகிறாள். ஏழாம் வாரம் கழியும்வரை படிப்பக்கம் எவரையும் குட்டியைத் தூக்கிச் செல்ல விடுவதில்லை.