லென்ஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

சிவகாசியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அப்பாவும் மகளும் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று வருடம் முழுவதும் வேலை. மகளுக்கு ஓர் ஆசை. செண்பகத்தோப்புக் காட்டு அணிலைத் தன் கையால் படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் காலண்டரில் அச்சாக வேண்டும். அதற்குத் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ் தேவை.

சீட்டு எடுத்த பணத்தோடு இருவரும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். இரண்டிலும் 70-300 என்றே போட்டிருக்கிறது. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கின்றன. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம்!

"இரண்டும் ஒன்றுதானே, தம்பி?" என்கிறார் அப்பா.

"ஆமாம் அண்ணாச்சி. இரண்டுமே 300 வரை இழுக்கும். விலை குறைந்ததையே எடுத்துக்கிடுங்க" என்கிறார் கடைக்காரர்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதி உண்மை லென்ஸின் மேலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். பல ஆயிரம் ரூபாய் வீணாகாது.

இரண்டு பெயர், இரண்டு பொருள்

டெலிபோட்டோ என்பதும் ஜூம் என்பதும் ஒன்றல்ல. தூரப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது டெலிபோட்டோ. நின்ற இடத்தில் நின்றபடியே காட்சியை விரிக்கவும் சுருக்கவும் உதவுவது ஜூம். காமிராவோடு வரும் 18-55 லென்ஸ் ஜூம்தான், டெலிபோட்டோ அல்ல. 300 என்று ஒரே எண் போட்ட லென்ஸ் டெலிபோட்டோதான், ஜூம் அல்ல. இரண்டு குணமும் சேர்ந்தது டெலிபோட்டோ ஜூம்.

டெலிபோட்டோ லென்ஸ் 1891-லேயே வந்துவிட்டது. புகைப்படக் காமிராக்களுக்கான ஜூம் லென்ஸ் கடைக்கு வந்தது 1959-ல்தான். 'ஜூமார்' என்பது அதன் பெயர். அதன் எண்கள் 36-82.

பெட்டியின் மேல் "4 மடங்கு ஜூம்" என்று இருந்தால் மயங்காதீர்கள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவதுதான் அந்த மடங்கு. எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அது சொல்லாது. 18-55 லென்ஸும் ஏறக்குறைய 3 மடங்கு. 70-200 லென்ஸும் ஏறக்குறைய 3 மடங்கு. ஆனால் எட்டும் தூரம் ஒன்றா?

ஆண்டாள் கோவில் கோபுரக் கணக்கு

70-300 என்பது குவியத் தூரம். மில்லிமீட்டரில் சொல்லுவார்கள். எண் ஏற ஏறப் பொருள் பெரிதாகத் தெரியும். காட்சியின் அகலம் குறையும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் 11 நிலை கொண்டது. உயரம் 192 அடி. பெரிய வகைக் காமிராவை நிமிர்த்திப் பிடித்து, சுமார் 115 மீட்டர் தள்ளி நின்றால், 70-ல் முழுக் கோபுரமும் படத்தில் அடங்கும். அதே இடத்தில் நின்று 300-க்குத் திருப்புங்கள். கோபுரத்தில் நாலில் ஒரு பங்குதான் தெரியும். ஆனால் சுதைச் சிற்பங்களின் முகம் தெரியும்!

சின்ன எண்ணுக்குப் பெரிய வாசல்

அடுத்து, எப் 4-5.6 என்று ஓர் எண் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். எண் பெரிதானால் நல்லது என்று நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறானது.

லென்ஸுக்குள் ஒளி நுழைய ஒரு வாசல் உண்டு. குவியத் தூரத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதே இந்த எண். நம் பழைய வாய்ப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எப் 2 என்றால் அரை. எப் 4 என்றால் கால். எப் 8 என்றால் அரைக்கால். எப் 16 என்றால் வீசம். காலைவிட அரைக்கால் சிறியதுதானே? ஆகவே எண் ஏறினால் வாசல் சுருங்கும். ஒளி குறையும்.

4-5.6 என்று இரண்டு எண் ஏன்? 70-ல் வைத்தால் வாசல் 4 வரை திறக்கும். 300-க்கு இழுத்தால் 5.6 வரைதான் திறக்கும். அதாவது ஒளி பாதியாகிவிடும். 300-லும் எப் 2.8 வேண்டும் என்றால் வாசலே 107 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்ட லென்ஸ் குடம் போலப் பெருத்து, விலையும் எங்கோ போய் நிற்கிறது.

கை நடுங்கினால்?

300-ல் பொருள் மட்டுமா பெரிதாகிறது? நம் கை நடுக்கமும் பெரிதாகிறது. பழைய படக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 300 லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால், ஷட்டர் 1/300 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்க வேண்டும். மர நிழலில் அந்த வேகம் கிடைப்பது கடினம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி, கை அசைவதற்கு ஈடுகொடுத்துத் தானும் அசையும். இந்த நடுக்கத் தடுப்புக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். கேனன் லென்ஸில் ஐ.எஸ். என்று இருக்கும். நிக்கானில் வி.ஆர்., சோனியில் ஓ.எஸ்.எஸ்., டாம்ரானில் வி.சி., சிக்மாவில் ஓ.எஸ். எழுத்து வேறு, வேலை ஒன்றே.

நம் ஸ்டூடியோக்காரர் பார்த்த இரண்டு பெட்டிகளின் ரகசியமும் இதுதான். ஒன்றில் இந்த எழுத்துக்கள் இருந்தன, மற்றதில் இல்லை. 2016-ல் நிக்கான் கம்பெனி ஒரு 70-300 லென்ஸை இப்படி இரு விதமாகவே வெளியிட்டது. ஒன்று வி.ஆர். உள்ளது, மற்றது இல்லாதது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். அணில் துள்ளினால் அதை அடக்காது! அதற்கு வேகமான ஷட்டரே மருந்து.

உங்கள் காமிராவுக்குப் பொருந்துமா?

அந்தக் காலத்துக் காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்ஸர் என்ற தகடு இருக்கிறது. பெரிய சென்ஸரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். சிறியதன் அகலம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர்.

அரை மீட்டர் நீளமுள்ள அணில் 25 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 300 லென்ஸில் அதன் பிம்பம் 6 மில்லிமீட்டர் நீளம் விழும். பெரிய சென்ஸரில் அது ஆறில் ஒரு பங்கு அகலம். சிறிய சென்ஸரில் கால் பங்கு. சிறிய சென்ஸர் காமிராவில் 300 லென்ஸ் 450 போல வேலை செய்யும் என்று கடையில் சொல்வது இதைத்தான். லென்ஸ் மாறவில்லை; சட்டம்தான் சிறிதாயிற்று.

சில லென்ஸ்கள் சிறிய சென்ஸருக்கென்றே செய்யப்பட்டவை. கேனனில் இ.எப்.-எஸ்., நிக்கானில் டி.எக்ஸ்., சிக்மாவில் டி.சி. என்ற எழுத்துக்கள் அதைக் காட்டும். இன்னொன்று, லென்ஸ் மாட்டும் வாய். அதற்கு மவுண்ட் என்று பெயர். உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் காமிராவின் லென்ஸை, அதே கம்பெனியின் கண்ணாடி இல்லாத புது வகையில், தகுந்த இணைப்பு வளையம் வைத்து மாட்டலாம். புது வகை லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட முடியாது.

67 என்று ஓர் எண்ணும், பக்கத்தில் கோடு போட்ட வட்டமும் இருந்தால், அது முன்பக்க மரையின் அகலம். பில்டர் வாங்கத்தான் அது உதவும்.

அணிலுக்கு ஒன்று, வாணத்துக்கு ஒன்று

செண்பகத்தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988-ல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணில் மர உச்சியில், கிளைக்குக் கிளை தாவும். கீழே நிழல். இதற்கு நீண்ட லென்ஸ், பெரிய வாசல், நடுக்கத் தடுப்பு மூன்றும் வேண்டும். வனத்துறை அனுமதியும் வேண்டும்!

திருவிழா இரவின் வாணவேடிக்கைக்கோ கதை வேறு. வாணமே ஒளி தருகிறது. ஆகவே பெரிய வாசல் தேவையில்லை. எப் 8 அல்லது எப் 11 போதும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்தால் பூ விரிவது முழுவதும் பதியும். கிட்டே போகவும் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும், பெரிய சென்ஸர் காமிராவில் 70-ல் 500 மீட்டர் அகல வானம் அடங்கும். வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று எடுப்பது வீரம் அல்ல. பட்டாசுக்காரர் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலண்டர் காட்டிக் கொடுக்கும்

"லென்ஸ் எதற்கு? எடுத்த படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே!" என்று சிலர் கேட்கலாம். பதிலைச் சிவகாசி அச்சகங்களே சொல்லும்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதையொட்டி அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று காலண்டர் என்றால் சிவகாசி. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 6,000 புள்ளிகள். 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். அணில் சிறிதாக விழுந்ததே என்று படத்தின் அகலத்தைப் பாதியாக வெட்டினால், மிஞ்சுவது 10 அங்குலமே. 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். காமிராவிலும் செல்போனிலும் 'டிஜிட்டல் ஜூம்' செய்வது இந்த வெட்டு வேலையைத்தான்.

காட்டுப் படக் கலையில் புகழ் பெற்ற மா. கிருஷ்ணன் (1912-1996), பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிரா செய்துகொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். பத்மஸ்ரீ பெற்றார். தம் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்திருந்தார். நமக்கும் அதுவே பாடம்.

பணம் கொடுக்கும் முன்

1. எதைப் படம் எடுக்கப் போகிறேன்?

2. அதற்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

3. கடைசி வரை இழுத்தால் எப் எண் என்ன?

4. நடுக்கத் தடுப்பு எழுத்து இருக்கிறதா?

5. என் காமிராவின் மவுண்டுக்கும் சென்ஸருக்கும் பொருந்துமா?

உங்கள் காமிராவைக் கையோடு கொண்டு போங்கள். கடை வாசலில் நின்று, எதிர்ச்சாரிப் பெயர்ப் பலகையை 300-ல் எடுத்து, ஓரத்து எழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லென்ஸானால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை; வாங்காதீர்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

நம் ஸ்டூடியோவுக்குத் திரும்புவோம். மகள் இரண்டு லென்ஸையும் கையில் எடுத்து, வளையத்தைச் சுற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கிறாள்.

"அப்பா, இதில் நடுக்கத் தடுப்பு இல்லை. திருவிழா வாணத்துக்கு முக்காலி இருக்கிறது, இது போதும். ஆனால் காட்டில் அணிலுக்கு அது வேண்டும். நமக்கு எது முக்கியம், சொல்லுங்க."

அப்பா கடைக்காரரைப் பார்க்கிறார். பிறகு மகளைப் பார்க்கிறார்.

"அணில் படம்தானே நீ காலண்டரில் பார்க்கணும்னு சொன்னே? அதையே எடு. மீதிப் பணத்தை அடுத்த மாதம் பார்த்துக்கிடுவோம்" என்கிறார்.

எதை வாங்கினாலும் சரி. இன்னதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் பிறகு வருத்தம் இல்லை.