வீடு கட்டுவோர் வயல் மண்ணைக் காக்கும் வழி

பெரம்பலூர் ஜில்லாவில், வெள்ளாற்றங்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காட்டிலும் சுற்றுக் கிராமங்களிலும் புதிதாக வீடு கட்டுவோர் செங்கல்லின் விலையைக் கணக்கிடுகிறார்களேயன்றி, அக்கல் எந்த வயலின் மண் என்று எண்ணுவதில்லை. ஒரு கல்லுக்கு ஏறக்குறைய 3 கிலோ மண் செல்லும். ஒரு லட்சம் கல்லுக்கு 300 டன் வேண்டும். ஓர் அடி ஆழம் வெட்டினால், சுமார் 16 சென்ட் நிலத்தின் மேல்மண் முழுவதும் சூளைக்குப் போய்விடும். மட்கும் நுண்ணுயிர்களும் மிகுந்தது அம் மேல்மண்ணே. மண் விற்ற பணம் ஒரு முறை வருவது. மகசூல் குறைவோ பல போகங்களுக்கு நீடிப்பது. வயல் பள்ளமானால் அண்டை வயலின் வரப்பும் சரியும், பாசனமும் கெடும்.

இதற்கு மாற்று தொலைவில் இல்லை. விருத்தாசலத்திற்கு அப்பால் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கப்படுகிறது. எரிந்தபின் எஞ்சும் நுண்ணிய உலர் சாம்பல் குவிந்து கிடந்தால் கேடு, கல்லானால் வீடு. கொத்தனார்கள் 'ஃப்ளை ஆஷ் கல்' என்று வழங்குவது இத்தகைய சாம்பலுடன் சுண்ணாம்பு, ஜிப்சம், மணல் அல்லது கல்குவாரித் தூள் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நீர்விட்டுப் பதப்படுத்திய கல்லேயாகும். இதற்குச் சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். மேல்மண்ணைக் காக்கும்பொருட்டு, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்போர் சாம்பல் சேர்க்கவேண்டுமென 1999-ஆம் வருஷத்திலேயே இந்திய அரசாங்கம் அறிவிக்கை வெளியிட்டது.

எனினும், சாம்பல் கல் யாவும் ஒரே தரமுள்ளவை அல்ல. வாங்குமுன் உலர்ந்த கல் ஒன்றை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மீண்டும் நிறுக்கவேண்டும். எடை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடினால் அக்கல்லைத் தள்ளிவிடுவதே நலம்.

கல்லின் தொகையையும் குறைக்கலாம். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையைப் பரப்பினார். கற்களைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவதால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கல் மீதமாகும். உள்ளிருக்கும் காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குள்ள கான்கிரீட் அதிகம் உதவுவதில்லை. ஆதலால் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து, சிமெண்டுச் செலவைச் சுருக்கினார். இக்கூரையை எஞ்சினீயரின் கணக்கின்றிப் போடலாகாது.

பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஓடு, கதவு, நிலை, உத்தரம் ஆகியவற்றை வகைவாரியாக அடுக்கிவைப்பது அவசியம். உடைந்த செங்கல்லை ஜல்லியாக்கித் தரைக்கு அடியில் இடலாம். குப்பைமேட்டுக்குப் போவதில் பாதி மறுபடி வீட்டுக்கே உதவும்.

மண் விற்கத் துணியும் நிலச்சொந்தக்காரருக்கு இக்கணக்கை எடுத்துக்காட்டுவது கிராம அதிகாரிகளின் கடமை. வீடு இரண்டு தலைமுறைக்கு; வயலோ எல்லாத் தலைமுறைக்கும் சோறிடுவது.