தன் வீட்டுச் சாவி – 7: ஆழ்வான் கேட்காத வரம்

'சொந்தக் காலில் நிற்கிறான்' என்கிறோம். 'தன் கையே தனக்குதவி' என்கிறோம். யாரையும் அண்டாமல் வாழ்பவரைப் பாராட்ட வாயெடுத்தால், தமிழில் உடனே ஒரு காலோ கையோ முன்னால் வந்து நின்றுவிடுகிறது. கால் வராதவரும் கை எழாதவரும் இந்தப் பாராட்டைக் கேட்டு என்ன நினைப்பார்கள்? இந்தத் தொடரைத் தொடங்கும்வரை நானும் யோசித்ததில்லை. கூரத்துக்குப் போய் நின்றபோதுதான் உறைத்தது.

கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேட்டுக்குக் கூரம் செப்பேடு என்றே பெயர். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறான் பல்லவன். இங்கே கிடைத்த நடராசர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஊரைவிட்டுப் போகாமல் இருப்பவர் கூரத்தாழ்வான்.

1010இல், தை மாத ஹஸ்த நட்சத்திரத்தில் பிறந்தவர் என்பது வைணவ மரபின் கணக்கு. ஸ்ரீவத்சாங்கர் என்று பெயர். ராமானுஜரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் அவருக்குச் சீடர். ஸ்ரீபாஷ்யத்தை ராமானுஜர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியது ஆழ்வானின் கைதான். நான் சொல்வதில் உனக்கு உடன்பாடில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிடு என்று குரு சொல்லிவைத்திருந்தார். ஓரிடத்தில் சீடர் நிறுத்தியும்விட்டார். குரு கோபித்துக்கொண்டார், பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டார் என்கிறது குருபரம்பரைக் கதை. வேறொருவர் கையால் எழுதியதால் ராமானுஜரை 'பிறரை நம்பி வாழ்ந்தவர்' என்று யாரும் சொன்னதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ராமானுஜரைப் பிடித்துவரச் சோழ அரசன் ஆள் அனுப்பினான். குருவின் காவியை உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக ஆழ்வான் போனார். வயது முதிர்ந்த பெரிய நம்பியும் கூடப் போனார். அரசவையில் இருவருக்கும் கண் போயிற்று. பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர்விட்டார். அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆழ்வான் தன் கண்ணைத் தானே பிடுங்கி எறிந்தார் என்றும் ஒரு பாடம் உண்டு. அது இருக்கட்டும். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்த கதை.

ஸ்ரீரங்கம் திரும்பிய ஆழ்வானைக் கோயில் வாசலில் தடுத்தார்கள். ராமானுஜர் தொடர்புள்ள யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். காவலரில் ஒருவர் மட்டும், இவர் நல்லவர், விட்டுவிடலாம் என்றார். என் குருவிடமிருந்து என்னைப் பிரித்து, நல்லவன் என்று தனியே எடைபோட்டு உள்ளே விடுவதாக இருந்தால் அந்த அனுமதி எனக்கு வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். மனைவி ஆண்டாளோடும் பிள்ளைகளோடும் திருமாலிருஞ்சோலை போய்த் தங்கினார். சுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. கண் போன பிறகு செய்த நூல். ஏட்டில் எழுதிய கை இந்தத் தடவை வேறு யாருடையதாகவோ இருந்திருக்க வேண்டும்.

ஆண்டுகள் கழித்து, சோழனுக்குத் தப்பிப் போய்த் தங்கியிருந்த மேல்கோட்டையிலிருந்து ராமானுஜர் திரும்பி வந்தார். சீடரின் நிலையைப் பார்த்துத் தாங்கவில்லை. காஞ்சிக்குப் போ, கேட்டதெல்லாம் கொடுக்கும் வரதன் இருக்கிறான், கண்ணைக் கேள் என்று அனுப்பினார். ஆழ்வான் போனார், வரதராஜ ஸ்தவம் பாடினார். பெருமாள் என்ன வேண்டும் என்று கேட்க, தன்னை அரசனிடம் மாட்டிவைத்த நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கிற நற்கதி கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். ராமானுஜருக்கு ஏமாற்றம். பிறகு பெருமாளையும் குருவையும் மட்டும் காணும் பார்வை ஆழ்வானுக்குக் கிடைத்தது என்று கதை முடிகிறது.

பெரியவர்கள் இதைக் கருணையின் எல்லை என்று சொல்வார்கள். மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. எனக்குப் படுவது வேறு. கண்ணில்லாதவன் கண்ணைத்தான் கேட்பான் என்று சுற்றியிருந்த அத்தனை பேரும் முடிவு செய்திருந்தார்கள். உயிருக்கு உயிரான குருவே அப்படித்தான் நினைத்தார். தனக்கு என்ன வேண்டும் என்பதை ஆழ்வான் ஒருவர்தான் தானே தீர்மானித்தார்.

சுயசார்பு வாழ்வு என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருவதன் உயிர்நாடி இந்தத் தீர்மானம்தான். எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது அல்ல. அதைத்தான் நம்மவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். என் மாமா வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டுக்குள் குழித்தறி. கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். மாமா நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். பள்ளி விடுமுறையில் அந்த ஆள் நான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட மயக்கத்தில் நாடாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். மாமா திட்டவில்லை, தறியை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் இல்லாமல் அந்தப் புடவை நகராது. ஆனால் அது என் புடவை என்று நானும் சொன்னதில்லை, ஊரும் சொன்னதில்லை. எப்போது தள்ள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது மாமாவின் சொல். (என்ன நிறம், என்ன கூலி என்பதை முதலாளி முடிவு செய்தார் என்பது வேறு கதை.)

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் கேட்டதும் வலப்பக்கத்து ஆளைத்தான். 14 வயதில் போலியோ; கழுத்துக்குக் கீழே அநேகமாக அசைவில்லை. இரவில் இரும்பு நுரையீரல் என்ற பீப்பாய் போன்ற இயந்திரத்துக்குள் படுத்தால்தான் மூச்சு வரும். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரம் விடுதி அறையில் அடங்காது என்பதால், வளாக மருத்துவமனையிலேயே அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் வந்தார்கள். 1972இல் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் உருவானது. மையத்தை நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது, வேலை சொல்லிக் கொடுப்பது, சரிப்படவில்லை என்றால் நிறுத்துவது எல்லாம் உதவி பெறுபவரின் பொறுப்பு. சட்டை மாட்டத் தானே இரண்டு மணி நேரம் போராடிக் களைத்துப்போவதைவிட, உதவியாளர் கால் மணியில் மாட்டிவிட, வேலைக்குக் கிளம்பிப் போவதே சுதந்திரம் என்பது அவர்கள் வாதம். முன்பு ராபர்ட்ஸை வேலைக்கு லாயக்கில்லாத அளவுக்கு ஊனமுற்றவர் என்று சொன்ன மாநில மறுவாழ்வுத் துறைக்கு, 1975இல் அவரே இயக்குநர் ஆனார். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாலாற்றைப் பிடித்து மேற்கே போனால் வேலூர் வந்துவிடும். 1954இல் நடந்த கார் விபத்தில் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. 1972இல் பத்மஸ்ரீ. உட்கார்ந்த உயரத்துக்கு மேசையை அமைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைக்குக் கால் தேவைப்படாது என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வேலூர் பார்த்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் தமிழ்நாடு பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகள் 'காப்பகம்' ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்துபோனார்கள். காப்பகம் என்ற சொல்லை அன்றிலிருந்து என்னால் சாதாரணமாக எழுத முடிவதில்லை. எல்லாக் காப்பகங்களும் அப்படியல்ல, தெரியும். ஆனால் எவ்வளவு நல்ல காப்பகமானாலும் வாசல் சாவி உள்ளே இருப்பவரிடம் இருப்பதில்லை.

1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றைச் செய்துவருகிறது. மனநலச் சிகிச்சை முடிந்தும் போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே இருந்த பெண்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். இன்றைக்குச் சாம்பாரா, புளிக்குழம்பா என்று முடிவு செய்வது அந்த வீட்டுப் பெண்கள். பத்து, பதினைந்து வருடம் மணியடித்தால் தட்டேந்தி வரிசையில் நின்றவருக்கு, உப்புக் குறைவு என்று குறை சொல்ல முடிவது சின்ன விஷயமா?

சட்டம் இதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. இந்தியா 2007 அக்டோபர் 1இல் அதை ஏற்றது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, சமூகத்தோடு வாழத் தேவையான ஆதரவுச் சேவைகள் கிடைக்க வேண்டும்.

சரி, வலப்பக்கத்து ஆளுக்குக் கூலி? கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. நாளுக்கு 67 ரூபாய்கூட வராது. அதில் மருந்து, டயப்பர், ஆட்டோ எல்லாம் அடக்கம். மிச்சத்தில் யாரை வேலைக்கு வைப்பது? அதனால் தமிழ்நாட்டில் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மா; அம்மா இல்லையென்றால் மனைவி, அக்கா. கூலி இல்லை, விடுமுறை இல்லை, தூங்கி வழிந்தால் காத்திருக்க ஆளும் இல்லை. நான் போன வீடுகளிலெல்லாம் அம்மாக்கள் கேட்ட கேள்வி ஒன்றேதான்: எனக்கப்புறம் யாரு சார் பாத்துக்குவா? காப்பகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நான் அந்தக் கேள்விக்கு வாயடைத்துத்தான் நின்றேன். அந்தப் பெண்களின் உழைப்பை உழைப்பு என்று கணக்கெழுதி, உதவியாளர் சம்பளம் என்று தனியே ஒரு தலைப்பு அரசின் பட்ஜெட்டில் வராதவரை, 5ஆவது பிரிவு காகிதம்தான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி கடல் அருகே போக மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, திரும்பச் சரிசெய்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்த திருத்தம். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினராக நியமிக்கப்பட வேண்டும். தேர்தலில் நின்று வெல்வதல்ல, நியமனம்தான். இருக்கட்டுமே. தெருவிளக்கு எங்கே, சிமெண்ட் சாலை எங்கே என்று பேசும் கூட்டத்தில், அந்தச் சாலையில் சக்கர நாற்காலி போகுமா என்று கேட்க ஒருவர் இருப்பார்.

அவர் உள்ளே வர முடிந்தால்தான் கேட்பார். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, அது நடக்கும் இடத்துக்கு எத்தனை படி, சாய்தளம் உண்டா, இருந்தால் அதில் யாருடைய பைக் நிற்கிறது என்று பார்த்து, உங்கள் ஊர்ப் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வந்ததை வந்தபடியே இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அடுத்த வாரம் ஆய்க்குடி.

(தொடரும்)