ஊசி போட்டால் டிஸ்க் ஆறுமா?

கழுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘சி5-சி6 டிஸ்க் தேய்மானம்’ என்று படித்ததும் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. “அக்குபஞ்சர் போடுங்க, அழற்சி வத்திடும்” என்று யாராவது சொன்னதும் போன உயிர் திரும்பி வருகிறது. டீயைக் குடியுங்கள், இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 497 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களின் டிஸ்க்குகளில் 85 சதவீதத்துக்கும் மேல் தேய்ந்திருந்தன. தேய்மானம் இருந்தால் வலித்தே ஆகவேண்டும் என்பதில்லை. டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்கும்போதுதான் கதை மாறுகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற அழற்சி ரசாயனங்கள் சுரந்து பக்கத்து நரம்பு வேரைச் சீண்டுகின்றன. தோளிலிருந்து விரல் வரை சுள்ளென்று இழுக்கிறது. நரம்பு நசுங்குவது மட்டுமே காரணமில்லை. ஆனால் பிதுங்கிய கூழைத் தின்று கரைக்க வரும் செல்களும் அந்த அழற்சியோடு சேர்ந்துதான் வருகின்றன. பலருக்குக் கைவலி சில மாதங்களில் தானாகத் தணிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. அழற்சியை ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது.

சரி, ஊசி அதை அடக்குமா? சுண்டெலியில் அடக்கியிருக்கிறது. 2021-இல் ஹார்வர்டின் சியூஃபூ மா குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது இது: பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள புள்ளியில் ஊசி செருகி லேசான மின்சாரம் கொடுத்தால், அங்கிருக்கும் ஒருவகை நரம்பிழைகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன, அது வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அழற்சியைக் குறைக்கிறது. அந்த இழைகள் இல்லாத வயிற்றுப் புள்ளியில் அதே மின்சாரத்துக்கு அந்தப் பலன் இல்லை. அருமையான ஆராய்ச்சிதான். ஆனால் அது பாக்டீரியா நச்சு ஏற்றிய எலியின் உடம்பு முழுக்கப் பரவிய அழற்சி. உங்கள் கழுத்து டிஸ்க்கில் நடப்பது வேறு.

வலி தணிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. குத்திய ஊசியைத் திருகும்போது அந்த இடத்தில் அடினோசின் கூடி வலியை மட்டுப்படுத்துகிறது என்று 2010-இல், இதுவும் எலியில்தான், காட்டினார்கள். டீயில் உள்ள காஃபீன் அடினோசினை மறிக்கும் சரக்கு. அதற்காக டம்ளரைக் கீழே வைக்க வேண்டாம்.

மனிதர்களுக்கு வருவோம். நாள்பட்ட கழுத்துவலி உள்ள 517 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஓராண்டு முடிவில், நூற்றுக்கு அளக்கும் கேள்வித்தாளில், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட அக்குபஞ்சர் எடுத்தவர்கள் சுமார் 4 புள்ளி முன்னே இருந்தார்கள். சில ஆய்வுகளில் நாடகக் கத்தி மாதிரி உள்ளே மடங்கும் பொய் ஊசிகளும் உண்டு. பொதுவாக அவற்றோடு ஒப்பிடும்போது வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. என்னைக் கேட்டால், வலிக்காகப் போட்டுப் பார்க்கலாம். டிஸ்க் பழையபடி ஆகிவிடும் என்று பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோள்மேட்டில் ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரல் ஓட்டையாகும். தேர்ந்த கையாகப் பாருங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தண்டுவடமே நசுங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம்; அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.