மயக்க ஆவி மூளையில் செய்யும் வேலை

ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்துகள் இரண்டும் பாட்டிலில் இருக்கும்போது வெறும் திரவங்கள். திருச்சி புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து இயந்திரம் ஒன்று நிற்கும். பழகியவர்கள் இன்றும் அதை ‘பாயில்ஸ்’ என்றே சொல்வார்கள். அதிலுள்ள வேப்பரைசரில் இந்தத் திரவம் ஆவியாகி ஆக்சிஜனோடு கலக்கிறது. ஐசோஃப்ளுரேனுக்கு ஊதா, செவோஃப்ளுரேனுக்கு மஞ்சள் என அடையாள நிறம் உண்டு; அவசரத்தில் மாற்றி ஊற்றிவிடக் கூடாதல்லவா. நுரையீரலில் ரத்தத்தோடு கலக்கும் ஆவி சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும்.

ஈதர் மயக்கம் 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் பலர் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. மறு ஆண்டே குளோரோஃபார்ம் வந்தது. அது உயிரைப் பறிப்பது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்று ஆராய 1888லும் 1889லும் ஹைதராபாத்தில் குழுக்கள் அமைந்தன. மூளையில் நடப்பது என்ன என்பதற்கு முதல் துப்பு எண்ணெயிலிருந்து கிடைத்தது. ஆலிவ் எண்ணெயில் நன்றாகக் கரையும் மருந்து நன்றாக மயக்கும் என்று 1899ல் ஹான்ஸ் மேயரும் 1901ல் சார்லஸ் ஓவர்டனும் தனித்தனியே கண்டார்கள். நரம்புச் செல்லின் கொழுப்புச் சவ்வே இலக்கு என்ற எண்ணம் 80 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1984ல் லண்டனில் ஆய்வாளர்கள் ஃபிராங்க்ஸும் லீபும் கொழுப்பே சேராத மின்மினிப் பூச்சியின் ஒளிப் புரதத்தையும் இம்மருந்துகள் அடக்குவதைக் காட்டினார்கள். பார்வை புரதத்தின் மேல் திரும்பியது.

அந்தப் புரதங்களில் முதன்மையானது காபா-ஏ ஏற்பி. ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை. காபா என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டினால் துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், செல் அடங்கிப்போகும். மயக்க ஆவி காபாவின் இடத்தைப் பிடிப்பதில்லை. சவ்வுக்குள் புதைந்த பகுதியிலுள்ள குழியில் போய் உட்கார்ந்து, திறந்த துளையை மூடவிடாமல் தாமதப்படுத்துகிறது. முக்கொம்பு அணையில் ஷட்டர் இறங்கும் வழியில் கட்டை கொடுத்தாற்போல. அந்தக் குழியின் அமினோ அமிலங்களை மாற்றியபோது மயக்க மருந்தின் விளைவும் மதுவின் விளைவும் ஒருசேரப் போனதை 1997ல் வெளியான ஆய்வு காட்டியது.

காபாவோடு கதை முடியவில்லை. நைட்ரஸ் ஆக்சைடும் செனானும் பெரும்பாலும் என்எம்டிஏ ஏற்பியை அடைத்து, கிளர்ச்சியூட்டும் சமிக்ஞையைத் தடுக்கின்றன. சில பொட்டாசியம் வழிகளைத் திறந்துவிட்டும் ஆவிகள் செல்லை அடக்குகின்றன. இடமும் வேறு வேறு: நினைவு பதியாமல் போவதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரும் பங்கு; கத்தி பட்டும் உடல் அசையாமலிருப்பது முக்கியமாகத் தண்டுவடத்தின் வேலை. எனவே ஒரே பொத்தானில் மூளையை அணைப்பதாக எண்ணுவது சரியல்ல.

கத்தி பட்டாலும் பாதிப்பேரை அசையாமல் வைக்க மூச்சுக்காற்றில் ஐசோஃப்ளுரேன் சுமார் 1.15 சதவீதம் போதும். செவோஃப்ளுரேன் 2 சதவீதம் அளவுக்கு வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடுக்கோ 104 சதவீதம், அதாவது சாதாரண அழுத்தத்தில் நடக்காத காரியம். ஸ்ரீரங்கத்து 80 வயதுப் பாட்டிக்கும் 40 வயது மகனுக்கும் அளவு ஒன்றல்ல. 40 வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் தேவை குறைகிறது. நெடுநாள் குடிப்பவருக்கோ தேவை கூடலாம், காரணம் மது அதே காபா-ஏ ஏற்பியில் ஏற்கெனவே கைவைத்திருக்கிறது. ஆகவே அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால், உறவினர் பக்கத்தில் நிற்கிறார்களே என்று மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.