இலையுதிர் காலம் தேடி

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி., புவியியல்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் இலையுதிர் காலத்தின்மீது ஆசை கொள்வது, கடலையே காணாதவன் கப்பல் வாங்க ஆசைப்படுவது போன்றதுதான். ஆயினும் அந்த ஆசை எனக்கு உண்டு. வெயில் தாழ்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் விளங்கும் ஒரு பருவம். பகலில் உடம்புக்கு இதமான சூடு, இரவில் போர்வை தேடும் குளிர். அப்பருவம் ஓரிடத்தில் முடியப்போகிறது என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்திற்குப் போய்விடுவது. ஆண்டு முழுவதும் நல்ல காற்றின் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கும் இத்தகைய வாழ்க்கை யாருக்கேனும் வாய்த்திருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். புவியியல் மாணவனாயிற்றே என்று நான் சற்று அக்கறையோடு தேடிப் பார்த்தேன். வாய்த்திருக்கிறது, நண்பர்களே. அப்படி வாழும் மக்கள் இருக்கிறார்கள். அப்படி வாழ்ந்த அரசாங்கமே ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே மலைத்தொடரைத் தாண்டிப் போய்வந்தவை என்பதுதான் வியப்பு.

முதலில் அந்தப் பருவத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 'இலையுதிர் காலம்' என்பது பாடநூல்கள் வழியாக நமக்கு வந்த சொல். ஆங்கிலேயர் அதனை 'ஆட்டம்' என்பர் (நமக்கோ அது கூத்து!). அமெரிக்கர் 'ஃபால்' என்பர். விழுதல் என்று பொருள். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மேல்நாட்டார் இலையுதிர் காலம் எனக் கொண்டாடும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்கள் நமக்குக் காரும் கூதிருமாக அமைந்துவிடுகின்றன. அங்கே இலை கொட்டுகிறது. இங்கே வடகிழக்குப் பருவமழையில் புல் முளைக்கிறது. நம்மூர் வேம்பும் அரசும் இலவமும் இலையை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஆறு பருவங்களுள் ஒன்றுக்குக்கூட இலை உதிர்வதை வைத்து நம்மவர் பெயர் சூட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஏன் இந்த வேறுபாடு? பூமி தன் அச்சில் 23½ பாகை சாய்ந்து சூரியனைச் சுற்றுவதால் பருவங்கள் உண்டாகின்றன என்பது பள்ளிப் பாடம். அந்தச் சாய்வின் விளைவு நிலநடுக்கோட்டருகே குறைவு. விலக விலக மிகுதி. எங்கள் மாவட்டம் ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தை ஒட்டியது. 34 பாகையிலுள்ள ஸ்ரீநகரிலோ அது நான்கு மணி நேரத்திற்கும் மேல். செப்டம்பர் 23-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமான பிறகு, அங்கே ஒவ்வொரு நாளும் பகல் தேய்வதை மரம் உணர்கிறது. பச்சையம் புதிதாக உண்டாவது நிற்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அதன் கீழ் மறைந்திருந்த கரோட்டினாய்டு எனும் மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சில மரங்களில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமியும் அப்போது உண்டாகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிவுப் படலம் வளர்ந்து, நீர் போகும் வழியை அடைக்க, ஒரு காற்றில் இலை விழுகிறது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துபோகும். இலைகளை வைத்துக்கொண்டு அவற்றுக்கு நீர் கொடுக்க மரத்தால் இயலாது. நம் வேம்பும் நீருக்கு அஞ்சித்தான் இலையை விடுகிறது. ஆனால் அதற்கு எச்சரிக்கை தருவது தேயும் பகல் அன்று, காயும் மண்.

இந்தியாவில் இப்பருவத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிற்குப் போக வேண்டும். அங்கு இதற்கு 'ஹருத்' என்று பெயர். கோடை மழை ஓய்ந்துவிட்டது. மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் குளிர்காலத் தாழ்வழுத்தங்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். சினார் மரங்கள் மஞ்சளாகி, பின் செம்பு நிறமாகின்றன. அவற்றின் இலை விரித்த கையைப் போன்றது. பாம்பூரில் குங்குமப்பூ மலர்வது அப்போதுதான். ஆனால் உள்ளூர் மக்களுக்கு இவை வேடிக்கை பார்ப்பதற்கான நாட்கள் அல்ல. உதிர்ந்த சினார் இலைகளைப் பெருக்கிக் குவித்து, மூட்டம் போட்டுக் கரியாக்கிச் சேமிக்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் 'சில்லை கலான்' என்னும் நாற்பது நாள் கடுங்குளிரில், கம்பளி அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்க்டி' எனும் கணப்புச் சட்டிக்கு அந்தக் கரி வேண்டும். காய்கறிகளைக் கீறி வெயிலில் உலர்த்துவதும் இக்காலத்திலேதான். நாம் சித்திரை வெயிலில் வற்றலும் வடாமும் போடுவது போல.

நிற்க. நல்ல பருவத்தின் பின்னால் போன அரசாங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முகலாயப் பேரரசர்களே இதற்கு வழிகாட்டினர் எனலாம். கோடைக்குக் காஷ்மீர் போவதில் ஜஹாங்கீருக்கு இருந்த மோகம் சொல்லி முடியாது. 1627 அக்டோபரில், அங்கிருந்து லாகூருக்குத் திரும்பும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆனால் அதனை ஆண்டுதோறும் தவறாத வழக்கமாக்கியவர் டோக்ரா மன்னர் ரண்பீர் சிங். 1872-இல் அவர் தொடங்கிய ஏற்பாட்டின்படி, மே முதல் அக்டோபர் வரை தலைநகரம் ஸ்ரீநகர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஜம்மு. 'தர்பார் மூவ்' என்று இதற்குப் பெயர். மன்னராட்சி போய் மக்களாட்சி வந்த பின்னும் வழக்கம் நிலைத்தது. அக்டோபர் இறுதியில் ஸ்ரீநகர்த் தலைமைச் செயலகத்தில் கோப்புகளை இரும்புப் பெட்டிகளில் அடுக்கிப் பூட்டுவர். லாரிகள் ஏற்றிச் செல்லும். ஏறத்தாழ 10,000 ஊழியர்கள் உடன் இடம் பெயர்வர். நவம்பர் முதல் வாரத்தில் ஜம்முவில் அதே கோப்பு, அதே நாற்காலி. ஜம்மு கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலும், ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரி 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது நாம் படித்த விதி. எனவே அந்த அரசாங்கம் ஆண்டுக்கு இருமுறை 8 பாகை வெப்பத்திற்காக இடம் மாறியிருக்கிறது! 2020-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் இவ்வழக்கத்திற்குச் சட்ட அடிப்படை ஏதும் இல்லை என்று கூறி, முடிவை அரசிடம் விட்டது. 2021-இல் நிறுத்தினார்கள். குளிர்காலம்தோறும் காஷ்மீர்க் குடும்பங்களை நம்பிக் கடை வைத்திருந்த ஜம்மு வணிகர்கள் முறையிட்டனர். 2025 இலையுதிர் காலத்தில் மீண்டும் தொடங்கிவிட்டார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், நம் சென்னை அரசாங்கமும் வெள்ளையர் காலத்தில் கோடைதோறும் உதகைக்கு ஏறியதுதான்.

அதே மாதங்களில், அதே மலைத்தொடரைத் தாண்டி நடப்பவர்கள் பக்கர்வால் மக்கள். 'பக்ரி' என்றால் ஆடு. வெள்ளாடும் செம்மறியும் அவர்கள் சொத்து; சுமைக்குக் குதிரை, காவலுக்கு நாய். 1991 முதல் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். குளிர்காலத்தில் ஜம்முப் பகுதியின் தாழ்ந்த குன்றுகளில் தங்கி, ஏப்ரலில் புறப்பட்டு, பீர் பாஞ்சால் தொடரைக் கடந்து, பனி உருக உருக மேலே ஏறி, 3,000 மீட்டருக்கும் மேலான 'டோக்' என்னும் புல்வெளிகளில் கோடையைக் கழிக்கிறார்கள். செப்டம்பரில் இறக்கம் தொடங்கும். அதே விதிப்படி கணக்கிட்டால், ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் ஏற்றத்தில் அவர்களுக்குக் கிடைப்பது 20 பாகை குளிர்ச்சி. சமவெளியில் வடக்கு நோக்கி நடந்து இதனைப் பெற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். பருவத்தைத் துரத்துவதில் இவர்களை வெல்ல ஆளில்லை என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

அந்தக் குறிப்பை என் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிஹால் பக்கம் நெடுஞ்சாலைக் காவலில் இரண்டு ஆண்டுகள் இருந்தவர். "அவுக பாஷை ஒண்ணும் எனக்குப் புரியலைப்பா. ஆனா ஆட்டை ஓட்டுற சத்தம் புரிஞ்சிச்சு" என்றார்.

புரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் தாத்தா ஒரு கீதாரி. எங்கள் பக்கத்துச் செம்மறி மந்தைகள் அறுவடை முடிந்த தஞ்சைத் தரணிக்கு வலசை போவதும், அங்கே வயல் வயலாகக் கிடை போடுவதும் இந்த மாவட்டத்தார் அறிந்ததே. இரவுக்கு இவ்வளவு நெல் அல்லது பணம் என்று நிலக்காரரோடு பேச்சு. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அறுத்த தாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்குத் தீனி. இளங்குட்டிகளைக் கூட்டில் மூடிவிட்டு, தாய் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். தை மாதம் புறப்பட்ட குடும்பம் ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும். சித்தப்பா பிறந்ததே மன்னார்குடிப் பக்கம் ஒரு களத்துமேட்டில். எந்த ஊர்க் களம் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. பள்ளியில் சேர்த்தபோது பிறந்த ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊரையே எழுதிவிட்டார்களாம்.

அப்பத்தாவிடம் கேட்டேன்: "அப்பத்தா, தஞ்சாவூர்ப் பக்கம் காத்து நல்லா இருக்குமா?"

அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காத்தை யாருடா பாத்தா? புல்லு இருக்கா, தண்ணி இருக்கான்னுதான் பாத்தோம். மழை வந்துட்டா கிடையில நிக்கிற ஆட்டுக்குக் கொளம்பு அழுகிப்போகும். ஐப்பசிக்குள்ள மேட்டுக்காட்டுக்கு வந்து சேரணுமேன்னு உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு வருவோம்."

நான் ஆசைப்பட்ட பருவம் அவர் அஞ்சிய பருவம். இதை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் வகுப்பில் தமிழ்ப் பேராசிரியர் நடத்திய நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றான அந்நூலில் நக்கீரர் காட்டுவது கூதிர்ப் பருவம். தலைவியின் அரண்மனையும் அரசனின் பாசறையும் பின்னர்தான் வருகின்றன. தொடக்கத்திலேயே வருபவர்கள் கோவலர். மழை வெள்ளத்துக்காகத் தம் நிரைகளை வேறு மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தத்தோடு, குளிரில் கன்னம் நடுங்க, நெருப்பில் கை காய்ச்சி நிற்கிறார்கள். 188 அடிகள் கொண்ட பாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது சில அடிகளே. தேர்வுக்குப் படித்தபோது அவ்வடிகளை நான் விரைவாகக் கடந்துவிட்டேன். இப்போது அங்கேயே நிற்கிறேன். இடம் பெயர்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் ஊர் ஏக்கம் உண்டு என்பதைப் புலவர் எங்கிருந்து கண்டாரோ!

பக்கர்வால் மக்களுக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும். உச்சிப் புல்வெளியில் இன்னும் சில நாள் தங்கலாம் என்று தோன்றும்போதே இறங்கியாக வேண்டும். கணவாயில் பனி விழுந்தால் மந்தை அகப்பட்டுக்கொள்ளும். தர்பார்க் கோப்புகளுக்கு அந்த அச்சம் இல்லை. பெயர்ச்சி நாட்களில் அரசு வண்டிகள் போவதற்கென்றே நெடுஞ்சாலையில் போக்குவரத்தை ஒழுங்கு செய்வார்கள் என்றும், ஆட்டு மந்தைகள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் என்றும் சித்தப்பா சொன்னார். பிள்ளைகளின் படிப்புக்காகப் புல்வெளிகளில் பருவகாலப் பள்ளிகள் நடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஆடுகளை ஏற்றிச் செல்ல அரசே லாரிகளும் விடுகிறது. வாரக்கணக்கில் நடந்த வழி ஓரிரு நாளில் முடிகிறது. லாரியில் போகும் ஆடு வழியில் மேய முடியாது என்பது வேறு கதை. எங்கள் குடும்பத்தில் வலசை தாத்தாவோடு நின்றது. அப்பா நிரந்தர வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்கு வந்தேன். வந்து, இலையுதிர் காலத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆசை இன்னும் போகவில்லை. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா வரை வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. மூன்று நாள் பயணம். செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலம் 2025 ஜூனில் திறக்கப்பட்ட பின், கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு மூன்று மணி நேரத்தில் ரயிலிலேயே போய்விடலாம். கட்டணத்தைக் கணக்கிட்டுச் சித்தப்பாவிடம் காட்டினேன். புரட்டாசிக் கடைசியில் போவதாக ஏற்பாடு.

அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அந்த ரயிலு முக்காவாசித் தூரம் சுரங்கத்துக்குள்ளதான் போகுதாம். கத்ராவுல எறங்கி பஸ்ஸுல போ. அப்பத்தான் ஆடு எறங்கி வர்றதைப் பாக்கலாம்."